இறுக்கமான மூடி

கணவன் இறந்த ஐந்தாம் மாதம் படகுச் சங்கத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. படகு போய்விட்டாலும் உறுப்பினர் உரிமை அவள் பெயருக்கு மாறியிருந்ததால் பொதுக்குழுவுக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். கூட்டத்தில் பேசப்போகும் விஷயங்கள் என்று மூன்று வரிகள். மூன்றாவது வரி: 'மீதமுள்ள பதினான்கு சிறு படகுகளுக்கும் முன்னர் வாங்கிய அதே வகைப் பீக்கனை வாங்க ஒப்புதல் பெறுதல்.' கீழே செயலாளரின் கையெழுத்து. செயலாளர் அவளுடைய கொழுந்தன்.

அந்த வரியை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். பிறகு கடிதத்தை மடித்து அலமாரியில், கணவனின் சட்டைகளுக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் உறையின் மேல் வைத்தாள்.

உறைக்குள் இருந்ததும் ஒரு பீக்கன்தான். சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, மஞ்சள் நிறம். கடலில் ஆபத்து என்றால் மூடியைத் திறந்து, உள்ளே சுருண்டிருக்கும் ஆன்டெனாவை நிமிர்த்தி, சிவப்புப் பொத்தானை ஐந்து விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். எந்தப் படகு, எந்த இடம் என்ற செய்தி செயற்கைக்கோள் வழியாக மீட்பு நிலையத்துக்குப் போய்விடும்.

குளிர்காலத்தின் நடுவில் ஒரு மத்தியானம் அவள் கணவனின் படகு கவிழ்ந்தது. கூடப் போன கூலியாளை முதல் அலையே பிரித்துக்கொண்டு போனது. டீசல் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்தவனை மறுநாள் காலை வேறொரு படகு தூக்கியது. படகு புரண்டதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் கணவன் கிடைத்தான். மிதவைச் சட்டை போட்டிருந்ததால் மூழ்கவில்லை. பீக்கன் கயிற்றோடு மணிக்கட்டில் கட்டியிருந்தது. மூடி மூடியபடியே இருந்தது.

கருவியை விற்ற கடையிலிருந்து ஓர் ஆள் வந்து அதைத் திறந்து, சோதனைப் பொத்தானை அமுக்கிப் பார்த்தான். விளக்கு மின்னியது. சங்கம் ஓர் அறிக்கை எழுதியது. 'கருவி நல்ல நிலையில் உள்ளது. வெளிப்புறத்தில் சில கீறல்கள் தவிரக் குறை ஏதுமில்லை. இயக்கத் தெரியாமையே காரணம்.'

அந்தக் கடைசி வரி துறைமுகம் முழுக்கப் பரவியது. இருபத்திரண்டு வருஷம் கடலுக்குப் போனவன் அவன். இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுவான். கல்லூரிப் பேருந்தில் யாரோ அவள் மகளிடம், "உங்க அப்பாவுக்கு அதத் தொறக்கவே தெரியலையாமே" என்று கேட்டிருக்கிறார்கள், கேலியாக இல்லை, பாவப்பட்டு. மகள் வீட்டுக்கு வந்து தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அதைச் சொன்னாள். கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம் என்றாள். பாவப்படுகிறவர்களிடம் என்ன சண்டை போடுவது?

கூட்டம் மீன் ஏலக்கூடத்தின் மாடியில் நடந்தது. சங்கத் தலைவரை எல்லாரும் நங்கூரம் என்பார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் கூட்டம் முடிந்து விளக்கை அணைத்த பிறகுதான் எழுந்திருப்பார். அவர் காதுபடவே அப்படிச் சொல்வார்கள், அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு முன்னால் மேசையில் ஒரு பீக்கன் இருந்தது. கடைக்காரர்கள் காட்டுவதற்கென்று கொடுத்த, பேட்டரி இல்லாத மாதிரி.

கொழுந்தன் அதைக் கையில் எடுத்துக் காட்டினான். "இதோட விசேஷமே மூடிதான். ரெண்டு பக்கத்துக் காதையும் ஒரே சமயத்துல அமுக்கினாத்தான் தொறக்கும். தானா தொறக்காது. கீழ விழுந்தாலும் தொறக்காது. பொய் அழைப்புக்கு இடமே இல்ல." பெருவிரலும் சுட்டுவிரலும் ஓர் அழுத்து அழுத்தின. 'டப்'பென்று மூடி திறந்தது.

பெண்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. அவள் எழுந்ததும் நாற்காலிகள் திரும்பின.

"தம்பி, ஒரு சந்தேகம். இத ஈரக் கையோட யாராவது தொறந்து பாத்திருக்கீங்களா?"

"உள்ள தண்ணி போகாது அண்ணி. முப்பது அடி ஆழம் வரைக்கும் தாங்கும்."

"நான் கருவியக் கேக்கல. கையக் கேக்கறேன்."

அவளுக்கு இன்னும் துக்கம் ஆறவில்லை என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. நங்கூரம் தொண்டையைச் செருமினார். "இந்தாம்மா, இத வேணும்னா எடுத்துட்டுப் போய்ப் பாரு. பதினஞ்சு நாள் கழிச்சு முடிவு பண்ணிக்கலாம். என்ன, கடலா வத்திப்போயிடும்?"

அது மரியாதையா, அவள் வாயை அடைக்கும் வழியா என்று தெரியவில்லை. அவள் மாதிரியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவளுக்குக் கையைப் பற்றித் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அவள் இறால் உரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். நீளமான எஃகு மேசை, இரண்டு பக்கமுமாகச் சேர்த்துப் பதினொரு பெண்கள், ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஐஸ் தண்ணீர்த் தொட்டி. கையுறை தருவார்கள், ஆனால் கையுறையோடு உரித்தால் வேகம் வராது. முதல் பத்து நிமிஷம் விரல் வலிக்கும். பிறகு வலி போய்விடும். வலி போன பிறகுதான் பயம், ஏனென்றால் கத்தி பட்டாலும் தெரியாது. வேலை முடிந்து போகும்போது பொத்தான் போட முடியாமல் மேலங்கியைத் திறந்து விட்டபடியே நடப்பார்கள். வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்க எதிர்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறாள்.

மறுநாள் வேலை முடியும் நேரத்தில், தொட்டியிலிருந்து கையை எடுத்த கையோடு மாதிரியை எடுத்து மூடியை அமுக்கினாள். விரல்கள் காதுகளின் மேல் வழுக்கின. பெருவிரல் அழுத்துவதாக அவளுக்குத் தோன்றியது. பார்த்தால் அது சும்மா படிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு கையாலும் முயன்றாள். மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். மூடி அசையவில்லை.

பக்கத்து இருக்கைக்காரி எட்டிப் பார்த்தாள். ஊர்ச்செய்தி எல்லாம் முதலில் அவளிடம் வந்துதான் மற்றவர்களுக்குப் போகும் என்பதால் அவளுக்கு வானொலி என்று பெயர். "என்னக்கா அது, கொண்டா" என்று வாங்கினாள். அவளாலும் முடியவில்லை. மேசையைச் சுற்றி அது கைமாறியது. பதினொரு பேரில் இரண்டே பேர் திறந்தார்கள். அதில் ஒருத்தி திறந்தது நகத்தால்.

"அப்ப கடலுக்குப் போறவங்க எல்லாம் நகம் வளத்துக்கிட்டுத்தான் போகணும்போல" என்றாள் வானொலி. நாலைந்து பேர் சிரித்தார்கள். பிறகு, இது யார் கையில் கட்டியிருந்த பீக்கனின் வகை என்பது நினைவுக்கு வந்து, ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள்.

வானொலிக்குத் தெரிந்த விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு ராத்திரி போதும். அடுத்த நாள் சாயங்காலம் கொழுந்தன் கூடத்துக்கே வந்துவிட்டான். காலணிகளைக் கழற்றி, வாசலில் இருந்த மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தவன் முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"அண்ணி, எதுவானாலும் எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? ஊரெல்லாம் என்னப் பத்திப் பேசுது."

"உங்களப் பத்திப் பேசல தம்பி. மூடியப் பத்திப் பேசறாங்க."

"இது ஐஸ். கடல் ஐஸ் கெடையாது."

"இல்லதான். ஆனா உங்க அண்ணன் அதுல பத்து நிமிஷமா இருந்தாரு?"

அவன் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தான். சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் தண்ணீருக்குள் மூச்சை அடக்கிப் பந்தயம் போடுவார்கள் என்று கணவன் சொல்லியிருக்கிறான். அந்தப் பிடிவாதம் இப்போது கொழுந்தன் தாடையில் தெரிந்தது. இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். பெண்கள் உரிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் அவன் கால் மாற்றி நின்றான். எட்டு நிமிஷத்தில் மூச்சு மூக்கால் இரைந்து வந்தது. பத்து முடிந்ததும் கையை வெளியே எடுத்து மாதிரியைப் பிடித்தான்.

அது தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தான், மறுபடி நழுவியது. முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினான். காதுகளில் ஒன்று அமுங்கியது, மற்றது அமுங்கவில்லை. "இரு, இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மணிக்கட்டால் தள்ளினான். பிறகு சட்டென்று அதை வாய்க்குக் கொண்டுபோய், ஒரு பக்கத்துக் காதைக் கடைவாய்ப் பல்லால் கடித்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தான். பல் பிளாஸ்டிக்கில் வழுக்கிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"போதும் தம்பி" என்றாள் அவள். அவன் விடவில்லை. "தம்பி, போதும்! கொடுங்க."

அவன் கையிலிருந்து பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மூடியின் ஓரத்தில், காதுக்குப் பக்கத்தில், இரண்டு குட்டைக் கீறல்கள். நேராக இல்லை, உள்பக்கம் கொஞ்சம் வளைந்திருந்தன. மேற்பார்வையாளரிடம் ஒன்றும் சொல்லாமல் ஏப்ரனைக் கழற்றி மேசைமேல் போட்டாள்.

"வீட்டுக்கு வாங்க."

வீட்டில் மகள் இன்னும் வரவில்லை. அலமாரியைத் திறந்து, சட்டைகளைத் தூக்கி, உறையை எடுத்தாள். ஐந்து மாதமாக அதை அவள் திறந்ததில்லை. பீக்கனை எடுத்து மாதிரியின் பக்கத்தில் மேசையில் வைத்து, விளக்கை அதன் அருகே இறக்கினாள்.

கொழுந்தனின் பல் பட்ட அதே இடத்தில் இதிலும் கீறல்கள் இருந்தன. இரண்டு அல்ல. அவள் எண்ண ஆரம்பித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறியிருந்ததால் எண்ண முடியாமல் விட்டாள். ஒரு பக்கத்துக் காது நுனியில் சிறிய துண்டு பெயர்ந்திருந்தது. 'வெளிப்புறத்தில் சில கீறல்கள்.'

கொழுந்தன் நாற்காலியில் உட்காராமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கைகள் இன்னும் சிவந்து மடியில் கிடந்தன. "நான்தான் எழுதினேன் அண்ணி" என்றான். "அவனுக்கு இயக்கத் தெரியலன்னு எழுதினது நான்தான். அவன் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவன்."

அவனைத் தேற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. திட்டவும் தோன்றவில்லை. கணவன் அத்தனை மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது இப்போது தெரிந்துவிட்டது. அது தெரியாமல் இருந்ததே நல்லதோ என்று ஒரு கணம் நினைத்தாள். இல்லை என்று உடனே முடிவு செய்தாள்.

"மாத்தி எழுதுங்க. அதே கூட்டத்துல, நீங்களே நின்னு படிங்க."

"படிக்கறேன்."

"அப்புறம் வேற கருவி பாப்போம். இந்தத் தடவ கடையில பாக்க வேண்டாம்."

அடுத்த கூட்டம் மாடியில் நடக்கவில்லை, படகுத்துறையில் நடந்தது. கொழுந்தன் முதலில் ஒரு தாளை எடுத்துப் படித்தான். 'இயக்கத் தெரியாமையே காரணம் என்று முன்னர் எழுதியது தவறு. இறந்தவர் கருவியைத் திறக்கப் பலமுறை முயன்றிருக்கிறார். குளிர்ந்து மரத்த கையால் இந்த மூடியைத் திறக்க முடியாது. தேர்வு செய்ததில்தான் பிழை.' கடைசி வரியின் பாதியில் நிறுத்தினான். தண்ணீர் குடித்துவிட்டு அதே வரியை மறுபடி முதலிலிருந்து படித்தான். அறுபது பேர் நின்றிருந்தார்கள். அவள் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள், கல்லூரிக்குப் போகாமல்.

பிறகு இறால் கூடத்திலிருந்து கொண்டுவந்த நான்கு தொட்டிகளில் ஐஸ் கொட்டினார்கள். மூன்று கடைகளிலிருந்து மூன்று வகை வந்திருந்தது, எல்லாம் காட்டுவதற்கான, செய்தி அனுப்பாத மாதிரிகள். கூடவே பழைய மூடியும்.

"யார் மொதல்ல?" என்றாள் அவள்.

எல்லாரும் எதிர்பார்த்தது இளவட்டங்களில் ஒருவனை. எழுந்தது நங்கூரம். உட்கார்ந்த பிறகு கூட்டத்தின் நடுவில் அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. பத்து நிமிஷம் கையை விட்டுவிட்டுப் பழைய மூடியோடு மல்லுக்கட்டினார். அது வழக்கம்போல் கல்லாட்டம் இருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அடுத்தது மெல்லியது, சட்டைப்பையில் அடங்குவது, ஒரே பொத்தான். விற்பனையாள் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக நின்று அதன் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். நங்கூரம் கை நழுவிற்று. கருவி தொட்டிக்குள் விழுந்து, ஐஸ் துண்டுகளுக்கு நடுவே நேராக அடியில் போய் உட்கார்ந்தது. மிதக்கவே இல்லை.

"தலைவரே, இதுக்கும் உங்க பேரையே வெச்சிடலாம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நங்கூரமே சிரித்துவிட்டார். விற்பனையாள் மட்டும், அதற்குத் தனியாக ஒரு மிதவை உறை உண்டு, அதை வாங்கிப் போட்டுக்கொண்டால் மிதக்கும் என்றான்.

அதற்கடுத்ததற்கு விரலே வேண்டாம். தண்ணீர் பட்டால் தானாக இயங்கிவிடும். அதைத்தான் பலரும் கேட்டார்கள். அவளுக்கும் முதலில் அதுவே சரியென்று பட்டது. ஆனால் கொழுந்தன் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து, தளம் கழுவுவதுபோல் வீசினான். கருவியில் விளக்கு மின்னத் தொடங்கியது. இன்னொரு தடவை லேசாகத் தெளித்தான், அப்போதும் மின்னியது.

"நம்ம படகுல நனையாத எடம் எது?" என்றான். "பெரிய படகுல கூரைமேல கூண்டுல வெச்சா இதுதான் நல்லது. நமக்கு இது நாளுக்கு மூணு தடவ கூவும். புலி வருது புலி வருதுன்னு கத்தின கதைதான். நாலாவது தடவ யாரும் வரமாட்டாங்க."

கடைசியாக வந்தது பார்க்க அழகாக இல்லை. நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டியது, தண்ணீர் பாட்டில் கனம், ஆரஞ்சு நிறம், உச்சியில் ஒரு தடித்த வளையம். வளையத்தின்மேல் ரப்பர் மடிப்பு ஒன்று மூடியிருந்தது. மடிப்பை முழங்கையால்கூடத் தள்ளிவிடலாம். வளையத்துக்குள் மணிக்கட்டு நுழையும். ஒரே இழுப்பு, மூடி கழன்று, ஆன்டெனா தானாக நிமிர்ந்து, வேலை ஆரம்பித்துவிடும். பொத்தான் கிடையாது.

கை மரத்துப்போன பன்னிரண்டு பேர் வரிசையாக இழுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் வந்தது. இடது கையில் இரண்டு விரல் இல்லாத ஒரு படகோட்டி அந்தக் கையாலேயே இழுத்தான், அவனுக்கும் வந்தது.

இருந்தாலும் முணுமுணுப்பு இருந்தது. நெஞ்சில் இதை மாட்டிக்கொண்டு வலை இழுப்பது கைக்குழந்தையோடு மூட்டை தூக்குகிற மாதிரி என்றார்கள். படகிலேயே ஒரு கொக்கியில் மாட்டிவிடலாமே என்றார் ஒருவர்.

முதலில் யார் என்று கேட்டதைத் தவிர, அவள் அன்று பேசியது அந்த இடத்தில் மட்டும்தான். "படகு கவுந்தா கொக்கி எங்க இருக்கும்ணே? அடியில. நீங்க மேல மெதப்பீங்க, அது கீழ கெடக்கும். உடம்புல இருந்தாத்தான் அது உங்களோடது. கனமாத்தான் இருக்கு. கைக்கொழந்தைய யாரும் கனமா இருக்குன்னு கொக்கியில மாட்டறதில்ல."

கை தூக்கச் சொன்னபோது ஐம்பத்தொரு கைகள் உயர்ந்தன. அதில் பல இன்னும் சிவப்பாக இருந்தன.

கருவிகள் ஒரு மாதம் கழித்து வந்தன, பழைய மூடி வாங்கிய படகுகளுக்கும் சேர்த்து. ஒவ்வொன்றின் எண்ணையும் மீட்பு நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும்: படகின் நீளம், நிறம், எத்தனை பேர் போவார்கள், கரையில் யாரைக் கூப்பிட வேண்டும். பதிவு செய்யாத கருவி கூப்பிட்டால், கூப்பிடுவது யார் என்று யாருக்கும் தெரியாது. படிவங்களை நிரப்பும் வேலையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கரைத் தொடர்பில் வீட்டுப் பெண்ணின் எண், அதற்கடுத்து எல்லாப் படகுகளுக்கும் அவளுடைய எண்ணும் இறால் கூடத்தின் எண்ணும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சங்க அறையில் அவளும் கொழுந்தனும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் எண்களை வாசிப்பான், அவள் எழுதுவாள். பாதியில் அவன் வாசிப்பதை நிறுத்தினான்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்க முடியல."

அவள் பேனாவை மூடவில்லை. "சொல்லுங்க."

"அந்த இறுக்கமான மூடிய நான் ஏன் எடுத்தேன்னு கேக்கவே இல்லையே நீங்க. அதுக்கு முன்னாடி நம்மகிட்ட வேற வகை இருந்துச்சு, நாலஞ்சு படகுல. லேசாத் தட்டினாலே தொறந்து கூப்பிட ஆரம்பிச்சுடும். ஒரு நாள் தளம் கழுவறப்ப ஒண்ணு தட்டி, செய்தி போயிடுச்சு. மீட்புப் படகு ரெண்டு மணி நேரம் அலைஞ்சு வந்து பாத்தா, படகு கரையில நிக்குது, இவங்க வலை உலத்திட்டு இருக்காங்க. மறுநாள் என்னக் கூப்பிட்டு வெச்சுக் கிழிச்சு எடுத்தாங்க. அன்னைக்குத்தான் நெனச்சேன், தானாத் தொறக்காத மூடிதான் வேணும்னு."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தட்டினது யாரு?" என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணன்தான். கை பட்டது அவனுதுன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது, நான் சொல்லல. புது மாதிரியக் கொண்டுவந்து காட்டினப்ப மொதல்ல தொறந்து பாத்ததும் அவன்தான். 'நல்லா இறுக்கமா இருக்குடா, இதையே எடு, இனிமே உன்ன யாரும் திட்ட மாட்டாங்க'ன்னான். அவனையும் இதுல இழுத்துவிடற மாதிரி ஆயிடுமேன்னு வாயத் தொறக்கல. இல்ல, அதுவும் பொய். அவனே சொன்னான்ங்கறத வெச்சுக்கிட்டு நான் தூங்கிட்டு இருந்தேன்."

வெளியே யாரோ வண்டியில் ஐஸ் பெட்டிகளை இறக்கும் சத்தம் கேட்டது. அவள் கணவனை நினைத்துப் பார்த்தாள்: தம்பி திட்டு வாங்கியதைப் பொறுக்காமல், இந்த மேசைக்கு முன்னால் நின்று, சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து திறந்து மூடியவனை.

"அன்னைக்கு அவர் கை காஞ்சிருந்துச்சு தம்பி" என்றாள். "உங்க கையும்தான்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் அடுத்த படிவத்தை எடுத்து முன்னால் வைத்தாள். "எண்ணச் சொல்லுங்க. இன்னும் ஒம்போது இருக்கு."

அடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை, பத்து மணி இருக்கும், கூடத்தின் அலுவலக அறைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மீட்பு நிலையத்திலிருந்து தொலைபேசி. ஒரு படகின் எண்ணைச் சொல்லி, அது கடலில்தான் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தப் படகோட்டி வீட்டில் யாரும் எடுக்கவில்லையாம். அந்தப் படகு கடலுக்குப் போவதை அவள் காலையில் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

"கடல்லதான் இருக்கு. ரெண்டு பேர். பச்ச அடி, வெள்ள மேல். கரையில இல்ல, காலையில போனத நானே பாத்தேன்" என்றாள். குரல் தடுமாறவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு இருவரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நான்கு நாள் கழித்து அந்தப் படகோட்டி கூடத்தின் வாசலுக்கு வந்தான். அவனை அவளுக்கு முகம் மட்டும்தான் தெரியும். படகில் கூட இருந்தவன் இன்னும் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், பயமில்லை என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னான். அவன் மணிக்கட்டைச் சுற்றிக் கறுத்த வடு, காப்புப் போட்டதுபோல்.

"எத்தன தடவ இழுத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒரே தடவதான்க்கா. வெரல் ஒத்துழைக்கல. கைய உள்ள விட்டு ஒரே இழுப்பு."

"சரி" என்றாள். "சரி, போய் ஓய்வெடுங்க. இந்தக் குளிர்ல நிக்காதீங்க."

அவள் தன் இடத்துக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். அன்று அவளுடைய கூடையில்தான் உரித்தது குறைவு. மேற்பார்வையாளர் கேட்கவில்லை.

சாயங்காலம் மகளிடம் சொன்னாள். மகள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட இது இருந்திருந்தா வந்திருப்பாராம்மா?"

அவள் யோசித்தாள். அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், மீட்புப் படகு எத்தனை மணிக்கு வந்து சேர்ந்திருக்கும், எதுவும் அவளுக்குத் தெரியாது. மகளிடம் பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை.

"தெரியலடி" என்றாள். "ஆனா தொறந்திருப்பாரு."

மகள் அவள் கைகளை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். சூடு வர நேரமாயிற்று.